மரபணு மாற்றிய சமையல் எண்ணெய்: பாக்கெட்டில் ஏன் சொல்வதில்லை?

'மரபணு மாற்றுக் கத்தரிக்காய் வந்துடுச்சு', 'பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்க'. இந்த இரண்டு ஃபார்வர்டும் வராத ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் இருக்காது. ஆனால், பி.டி. கத்தரிக்காய்க்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு போட்ட தடை இன்னும் நீங்கவில்லை. பிராய்லர் கோழி ஆறு வாரத்தில் 2 கிலோவைத் தொடக் காரணம் ஊசி இல்லை, இனத்தேர்வும் தீவனமும்தான்.

மரபணு மாற்றுப் பயிர் நம்ம சமையலறைக்குள் நுழைந்தது எண்ணெய் வழியாக.

இந்தியாவுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. ராயபுரத்தை ஒட்டிய சென்னை துறைமுகத்திலும் டேங்கர் கப்பல்களில் வந்து இறங்குகிறது. எல்லாமே மரபணு மாற்றியதா? இல்லை. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயில், சூரியகாந்தி, கடலை, நல்லெண்ணெய்க்கு அந்தப் பேச்சே இல்லை. சோயா கதை வேறு. நமக்கு அதிகம் அனுப்பும் அர்ஜென்டினா, பிரேசிலில் விளையும் சோயா கிட்டத்தட்ட முழுக்க மரபணு மாற்றியது. உள்ளூரிலும், 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியின் கொட்டையில் இருந்து எண்ணெய் எடுக்கிறார்கள்.

சாப்பிட்டால் ஆபத்தா?

இப்போது சந்தையில் இருப்பவை பாதுகாப்புப் பரிசோதனையைத் தாண்டி வந்தவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீண்டகால ஆய்வு போதாது, இந்தப் பயிர்களுக்கு அடிக்கும் களைக்கொல்லியும் கவலை என்பது எதிர்ப்பாளர்கள் வாதம். சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ ஏறக்குறைய மிஞ்சாது. பயம் குறைய இது ஒரு காரணம். சிக்கலும் இதேதான்: பாக்கெட்டை லேபில் கொடுத்தாலும் எந்தச் செடியில் இருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். அதனால் லேபிளை விட்டால் வாங்குபவருக்கு வேறு வழி கிடையாது.

மரபணு மாற்றிய பொருள் இருந்தால் பாக்கெட்டில் 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1-லேயே அமலுக்கு வந்தது. கடைகளில் அந்த இரண்டெழுத்தைத் தேடிப் பார்த்தால் தெரியும் நிலைமை! 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், 1 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே குறிப்பிட வேண்டும் என்று வரைவு விதி வெளியிட்டது. மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் 2024 ஜூலை 23-ல் தீர்ப்பளித்த இரண்டு நீதிபதிகள், கடுகு விஷயத்தில் முரண்பட்டாலும் இதில் ஒன்றுபட்டார்கள்: இறக்குமதியாகும் மரபணு மாற்று உணவுக்கு, குறிப்பாக எண்ணெய்க்கு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி லேபிள் கட்டாயம்.

இப்போதைக்கு ஒரு வழி இருக்கு. கலப்பு எண்ணெய் என்றால் எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கணும். அதில் சோயா, கனோலா, பருத்திக்கொட்டை இருக்கா என்று பாருங்க.