பெத்யூனின் மாதிரி ஆஸ்பத்திரி

சாந்தாராம் 1946ல் எடுத்த படத்தால் டாக்டர் கோட்னிஸ் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு முன்னால் அதே வட சீன மலைகளில் வேலை பார்த்தவர் நார்மன் பெத்யூன், கனடாக்காரர், அறுவை சிகிச்சை நிபுணர்.

ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்த 1938ல் அங்கே போனார். முறையாகப் படித்த டாக்டர்கள் ரொம்பக் குறைவு. செப்டம்பரில் சோங்யான்கோ கிராமத்தில் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் சேர்த்து ஒரு 'மாதிரி ஆஸ்பத்திரி' திறந்தார். சில வாரங்களிலேயே ஜப்பானியப் படை அதை அழித்துவிட்டது.

கெரில்லாப் போரில் முன்னணி ஓரிடத்தில் நிற்காது, அதில் நிலையான கட்டடம் எதுக்கு? கோவேறு கழுதை மேல் ஏற்றக்கூடிய சாமான்களோடு நடமாடும் குழுவாக மாறினார். போகிற இடமெல்லாம் வகுப்பு: காயத்தைச் சுத்தம் பண்ணுவது, கட்டுப் போடுவது, எலும்பு முறிவுக்குச் சிம்பு வைப்பது. படம் வரைந்து கையேடும் எழுதினார். முழு டாக்டரை உருவாக்க வருஷக்கணக்கில் ஆகும், போர் அதுவரை காத்திருக்காது. பாடத்தில் எதை விட்டால் ஆள் சாகமாட்டான் என்று தீர்மானிப்பதுதான், என்னைக் கேட்டால், இதில் கஷ்டமான வேலை. எதைச் சேர்ப்பது என்று யார் வேணாலும் சொல்லிடலாம்.

1939 அக்டோபரில், கையுறை இல்லாமல் ஆபரேஷன் செய்யும்போது விரலில் வெட்டுப்பட்டது. ரத்தத்தில் விஷம் ஏறி நவம்பர் 12 அன்று இறந்தார். வயது 49.

1941ல் பெத்யூன் பெயர் கொண்ட ஆஸ்பத்திரிக்குக் கோட்னிஸ் தலைவரானார். சோலாப்பூர்க்காரர், சீன மொழி கற்றுக்கொண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். 1942 டிசம்பர் 9 அன்று, 32 வயதில், வலிப்பு நோயால் இறந்தபோது அறுவை சிகிச்சைப் பாடநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்.