நீலகிரியின் படகுத்துறைகள்

நீலகிரியில் மக்கள் படகேறிச் சுற்றும் ஏரி ஒவ்வொன்றும் மனிதர் அணைகட்டித் தேக்கியது. இந்த மலையின் ஓடைகள் பிறந்த இடத்திலிருந்தே சரிவில் ஓடி அருவிகளாக இறங்கிவிடுகின்றன. துடுப்புப் போட இடமளிக்கும் தட்டையான நீர்ப்பரப்பு இங்கே இயல்பாக அமைவதில்லை. அதனால் இந்த மலையில் படகின் வரலாறு என்பது அணைகளின் வரலாறும்தான். அந்த அணைகளில் முதலாவது, படகுக்காகக் கட்டப்பட்டதும் அல்ல.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலைக்கு வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் உதகைப் பள்ளத்தாக்கில் கல்வீடு ஒன்றை எழுப்பினார். அரசு கலைக் கல்லூரி இருக்கும் வளாகம் அதுவே. அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் பல ஓடைகள் கூடி மேற்கே வழிந்தன. 1823 முதல் 1825 வரையான காலத்தில் சல்லிவன் அவற்றின் குறுக்கே மண்கரை போட்டு ஏரியாக்கினார். கீழே சமவெளியின் பாசனத்துக்கு நீர் தேக்கிவைப்பதும் அவருடைய எண்ணத்தில் இருந்தது. ஏரியிலிருந்து வழியும் நீர் சாண்டிநல்லா ஓடையில் சேர்ந்து, சீகூர் பள்ளத்தாக்கில் இறங்கி, மாயாற்றின் வழியாகப் பவானியை அடைகிறது. சமவெளியில் தலைமுறை தலைமுறையாக ஏரி வெட்டி விவசாயம் செய்த மாவட்டத்தின் கலெக்டர், மலையில் ஒரு பள்ளத்தாக்கைக் கண்டதும் ஏரியை நினைத்தது இயல்பே.

பள்ளத்தாக்கு ஆளில்லாத வெற்றிடமாக இருக்கவில்லை. மலையின் பழங்குடியினரான தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி அது. ஊரைச் சுற்றியுள்ள கோடப்பமந்து, மார்லிமந்து என்ற பெயர்களில் அவர்களுடைய குடியிருப்பான மந்து இன்றும் நிற்கிறது. மலையின் மீது தோடர்களுக்கு உரிமை உண்டென்று அரசிடம் வாதாடியவரும் சல்லிவன்தான். ஆனால் அவர் தொடங்கிவைத்த நகரம் அந்த வாதத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீரின் முன் எப்படி நடந்துகொள்வது என்பதற்குத் தோடர்களிடம் ஏற்கெனவே முறை இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களிடையே ஆய்வு செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1906இல் வெளியான தமது நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பைகாரா ஆறும் அவலாஞ்சி ஆறும் அவர்களுக்குத் தெய்வத்தன்மை உடையவை. அவற்றைக் கடக்கும் ஆண், போர்த்தியிருக்கும் பூத்துக்குளியிலிருந்து வலக்கையை வெளியே எடுத்துத் தோளைத் திறந்து மரியாதை காட்டவேண்டும். நீலகிரியில் பதிவான நீர்நிலை ஒழுக்கங்களில் இதைவிடப் பழமையானதைத் தேடிக் காண்பது கடினம். படகுத்துறையில் தொங்கும் விதிப்பலகைகள் எல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை.

சல்லிவன் கட்டிய ஏரி இன்றிருப்பதைக் காட்டிலும் மிகப் பெரிது. கடைவீதியை நெருங்கும் அளவுக்கு அது கிழக்கே நீண்டு கிடந்தது. கரையின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகப் படகே சுருக்கமான வழியாக இருந்தது, மீன்பிடிப்பும் நடந்தது. பாசன நோக்கம் மெல்ல மறந்துபோயிற்று. ஐரோப்பியர்கள் உடல்நலம் தேடி வந்து தங்கும் ஊராக உதகை மாறியதும், ஏரியைச் சுற்றிக் குதிரையில் போவதும் மாலையில் படகு விடுவதும் அவர்களுடைய அன்றாடப் பொழுதுபோக்குகள் ஆயின. இங்கிலாந்திலிருந்து டென்ச் போன்ற மீன் வகைகளைக் கொண்டுவந்து 1870களில் ஏரியில் விட்டதும் தூண்டில்காரர்களின் ஆசைக்காகவே.

மண்கரை மலைமழைக்கு ஈடுகொடுக்கவில்லை. நீர் மேலேறி வழிந்து மும்முறை கரை உடைந்து ஏரி வடிந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஏரி சுருங்கியதற்குக் காரணம் அந்த உடைப்புகள் மட்டுமல்ல. 1866இல் நகராட்சி ஏற்பட்ட ஊரில் கடைவீதியின் கழிவு எல்லாம் ஏரியில்தான் விழுந்தது. குறுக்கே வில்லோ பண்ட் என்ற கரை போடப்பட்டு, ஊர்ப்பக்கம் இருந்த பகுதி தூர்ந்து மைதானமாயிற்று. அங்கே பந்தயக் குதிரைகள் ஓடின. 1908இல் குன்னூரிலிருந்து ரயில் ஊட்டிக்கு வந்தபோது அதற்கும் ஏரியோரமே வழியாயிற்று. பேருந்து நிலையமும் ஏரிப் பூங்காவும் பிறகு வந்தன. இன்று ஊட்டிப் பேருந்து நிலையத்தில் இறங்கும் பயணி பழைய ஏரியின் தரையில்தான் கால் வைக்கிறார். எஞ்சியிருப்பது சுமார் 65 ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டில் படகுச் சவாரிக்குப் பழகியிருந்தது ஏரிகளில் மட்டுமல்ல, ஆறுகளிலும் கால்வாய்களிலும் கூட. அந்தக் கால்வாய்கள் மேடு பள்ளங்களைக் கடந்ததற்குக் காரணம் லாக் எனப்படும் இரட்டைக் கதவு மதகு. இரண்டு கதவுகளுக்கு இடையே ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவை அடைத்து, சிறு திறப்புகளின் வழியாகத் தொட்டி நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குச் சமமாக்குவார்கள். பிறகு முன்கதவு திறக்கும். ஒரு லாக் ஏற்றிவிடும் உயரம் சில மீட்டர் மட்டுமே. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே உள்ள ஏற்றமோ ஏறத்தாழ 1,900 மீட்டர். 12 அடிக்கு ஓரடி வீதம் ஏறும் இடங்களில் ரயிலே பல்சக்கரத்தால் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டுதான் போகிறது. லாக் முறைக்கு நீலகிரியில் இடமில்லாமல் போனது இதனால்தான்.

இங்கே இல்லாத லாக்குகள் கடற்கரையில் இருந்தன. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட தனியார் கால்வாய் பின்னர் அரசின் கைக்கு வந்து, வடக்கும் தெற்கும் நீண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் பசியால் வாடிய மக்களைக் கூலிக்கு அமர்த்தி அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் துண்டு வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கும் வந்தது. உதகையில் அரசினர் தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஆளுநர் மாளிகை எழுந்ததும் அவர் காலத்தில்தான். 1870 முதல் உதகை சென்னை அரசின் கோடைத் தலைநகராக இருந்தது. கடற்கரைக் கால்வாயில் பஞ்சக் கூலிகள் மண் சுமந்த அதே ஆண்டுகளில் மலைமேல் மாளிகைக்குக் கல் ஏறிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

பக்கிங்காம் கால்வாய் கடலோர ஆறுகளைக் குறுக்கே வெட்டிச் சென்றதால், கடல் ஏற்றவற்றத்தால் நீர்மட்டம் குலையாதபடி ஆற்றின் இருபுறமும் லாக்குகள் தேவைப்பட்டன. சேப்பாக்கத்தை ஒட்டிய லாக் நகர் அந்தக் காலத்தின் எச்சம். உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய தோணிகளுக்கு லாக்கில் காத்திருப்பது தவிர்க்க முடியாதது, காத்திருப்பு இருக்கும் இடத்தில் முறையும் வேண்டும். உலகெங்கும் லாக்குகளில் கடைப்பிடிக்கும் ஒழுங்கின் அடிப்படை ஒன்றே: நீரை வீணாக்கக் கூடாது. தொட்டியின் நீர்மட்டம் எந்தப் பக்கத்துக்குச் சமமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்துப் படகுக்கு முதல் வழி. மறுபக்கத்துப் படகுக்காகத் தொட்டியைக் காலிசெய்து மீண்டும் நிரப்பினால் ஒரு தொட்டி நீர் பயனின்றிப் போகும். இடமிருந்தால் இரண்டு படகுகள் சேர்ந்தே நுழையும். உள்ளே கயிற்றை இறுகக் கட்டிவிடக் கூடாது. கையில் பிடித்து, மட்டம் மாற மாற விட்டுக்கொடுக்கவேண்டும். இறுகக் கட்டிய படகு, நீர் இறங்கும்போது கயிற்றில் தொங்கிக் கவிழும். லாக் காவலரின் சொல்லே முடிவு.

சென்னை மாகாணத்தில் இதற்குச் சட்டத் துணையும் இருந்தது. 1890ஆம் ஆண்டின் கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டம் படகுகளைப் பதிவு செய்வதற்கும் உரிமம் தருவதற்கும் சுங்கம் வாங்குவதற்கும் வழிசெய்தது. ரயிலும் லாரியும் வந்து சரக்கை எடுத்துக்கொண்டன. 1965, 1966 புயல்களில் கால்வாய் சீர்குலைந்தது. நகருக்குள் அதன் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் எழுந்தன. சரக்குத் தோணிகளோடு அவற்றின் ஒழுங்குகளும் மறைந்துவிட்டன. விளையாட்டுப் படகு மட்டும் அடையாற்றில் நிலைத்தது. 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப், கொழும்பு அணியுடன் 1898 முதல் துடுப்புப் போட்டி நடத்திவருகிறது.

மலை ஏரிகளில் உல்லாசத்துக்காகவே உருவானது கொடைக்கானல் ஏரி. மதுரை கலெக்டராக இருந்த வேரே ஹென்றி லெவிஞ்ச் 1863இல் அணைகட்டி அதை உருவாக்கினார். மீன் விட்டதும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகைத் தருவித்ததும் அவரே. 1890இல் அங்கே படகுச் சங்கம் ஏற்பட்டது. ஊட்டி ஏரி வேலைக்காகக் கட்டப்பட்டு விளையாட்டுக்குப் போனது, கொடைக்கானல் ஏரி தொடக்கத்திலிருந்தே விளையாட்டுக்கானது. ஊட்டி ஏரியின் பரப்பை நகரம் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டபோது அதைத் தடுக்கப் பாசன விவசாயியும் இல்லை, படகுச் சங்கமும் இல்லை என்றே இந்த ஒப்பீட்டில் தோன்றுகிறது.

நீலகிரியின் மற்ற பெரிய நீர்ப்பரப்புகள் மின்சாரத்துக்காகப் பிறந்தவை. பைகாரா நீர் சிங்காரா மின்நிலையத்துக்குக் குழாய்களில் ஏறத்தாழ 900 மீட்டர் இறங்குகிறது. 1932இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. விடுதலைக்குப் பிறகு கனடாவின் உதவியுடன் நிறைவேறிய குந்தா திட்டத்தில் எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி அணைகள் வந்தன. இவற்றுள் பயணிகள் படகுக்குப் பெயர்பெற்றது ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள பைகாரா. சோலைக்காடு சூழ்ந்த அந்த நீரில் வேகப் படகு கிளப்பும் அலையும் இரைச்சலும் கரைப்பறவைகளுக்குத் தொல்லை. அங்கே மெதுவாகப் போவதே முறை.

ஊட்டி ஏரியில் படகு விடும் பொறுப்பைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1973இல் ஏற்றது. அதற்குப் பிறகுதான் இந்த ஏரி சாதாரணக் குடும்பங்களுக்கு உரியதாயிற்று. மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று மூன்று வகையும் ஒரே நீரில் ஓடுகின்றன. மே மாதக் கோடை விழாவில் படகுப் போட்டியும் நடக்கும். இங்கே லாக் இல்லாவிட்டாலும் வழிவிடும் முறை உண்டு. இயந்திரத்தில் போவது, மனிதர் கையாலும் காலாலும் செலுத்துவதற்கு விலகவேண்டும். எதிரெதிரே வரும் படகுகள் இரண்டும் தத்தம் வலப்புறம் ஒதுங்கவேண்டும் என்பது உலகம் முழுதுக்கும் பொதுவான விதி. துறையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கவேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருவர் பின் ஒருவராக, படகின் நடுவில் கால் வைக்கவேண்டும். படம் எடுப்பதற்காக நடுநீரில் எழுந்து நிற்பதே மிதிபடகுகளில் பெரிய ஆபத்து.

உயிர்காப்புச் சட்டையை அணிய மறுப்பவர்கள் 2009 செப்டம்பர் 30ஐ நினைத்துக்கொள்வது நல்லது. அன்று தேக்கடியில் இரண்டு அடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். இரண்டுமே உல்லாசமாகப் போன பயணங்கள். சட்டை அழுக்காக இருக்கிறது, படத்தில் அழகாகத் தெரியாது என்ற காரணங்கள் இந்த எண்களின் முன் நிற்காது.

இந்த மாவட்டத்தில் உல்லாசத்துக்கல்லாமல் வாழ்வுக்காகப் படகேறும் ஊரும் ஒன்று உண்டு. மலையடிவாரத்தில் மாயாற்றுக்கு அப்பால் இருக்கும் தெங்குமரஹாடா மக்கள் பவானிசாகரிலிருந்து காட்டுவழியே வந்து, பரிசலில் ஆற்றைக் கடந்துதான் வீடு சேர்கிறார்கள். வெள்ளம் வந்தால் நோயாளிக்கும் வழியில்லை. பரிசலில் தாழ உட்காரவும், எடை ஒரே பக்கம் சாயாமல் சுற்றி அமரவும், பரிசல்காரர் சொல்லும்வரை எழாமல் இருக்கவும் அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

அந்த மாயாற்றில் கலப்பதில் ஊட்டி ஏரியின் நீரும் உண்டு. நகரின் நடுவே ஓடும் கோடப்பமந்து கால்வாய் வீடுகளின், விடுதிகளின் கழிவைச் சுமந்து ஏரிக்குள் கொட்டுகிறது. ஆகாயத்தாமரை படர்வதும் சேறு சேர்வதும் இதன் விளைவே. தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்துத் தூர்வாரிய பிறகும் கழிவு விழுவது நிற்கவில்லை. 2024 ஜூலையில் குதிரைப் பந்தய மைதானத்தின் சுமார் 52 ஏக்கர் நிலத்தை அரசு தன் வசம் எடுத்தது. ஏரியிலிருந்து பிடுங்கப்பட்ட நிலத்தில் ஒரு பகுதியையாவது நீருக்குத் திருப்பித் தருவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. அதற்கும் முன்னால் செய்யவேண்டியது கோடப்பமந்து கால்வாயில் விழும் கழிவை நிறுத்துவது. அது நிற்காதவரை ஏரியில் எத்தனை முறை தூர்வாரினாலும் அது ஒரு பருவத்துக்கான செலவே.