கிணத்துக்கும் ஒரு கணக்கு நோட்டு



இந்த மலருக்குக் குடிதண்ணி வரலாறு பத்தி எழுதச் சொல்லி நம்ம தலைவி அக்கா கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க குழுவுல எட்டு வருஷமா கணக்கு நோட்டு எழுதுறேன். வரலாறு எழுத எனக்கு என்ன தெரியும்னு முதல்ல தயங்கினேன். பயிற்சியில கேட்டது, நூலகத்துல படிச்சது எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தப்போ ஒண்ணு புரிஞ்சுது. கிணறு கெட்டுப்போன இடத்துல எல்லாம், யாரோ ஒருத்தர் வீடு வீடா போய் கணக்கு எடுத்த பிறகுதான் உண்மை வெளிய வந்திருக்கு. கணக்கு எழுதுறது நமக்குத் தெரிஞ்ச வேலைதானே! அந்தத் தைரியத்துல எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்துக் கிணறு

எங்க மாமியார் கல்யாணமாகி வந்தப்போ ஊருக்கே ஒரு குடிதண்ணிக் கிணறுதானாம். அது கிட்ட துணி துவைக்கக் கூடாது, மாடு கட்டக் கூடாது, செருப்போட மேடையில ஏறக் கூடாது. கோடையில தண்ணி கீழே போனதும் எல்லா வீட்டு ஆளும் சேர்ந்து தூர் வாருவாங்க. இந்தக் கட்டுப்பாட்டுல நல்லது நிறைய இருந்துச்சு.

கெட்டதும் இருந்துச்சு. ஊர்க் கிணத்துல காலனி ஜனங்க தண்ணி எடுக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்க. நம்ம பக்கம் மட்டும் இல்ல, நாடு முழுக்க இப்படித்தான். 1927-ல மகாராஷ்டிராவுல மகாட் ஊர்க் குளத்துல தண்ணி எடுக்கும் உரிமைக்காக அம்பேத்கர் ஆயிரக்கணக்கான பேரோட போய் அந்தத் தண்ணியை அள்ளிக் குடிச்சார். 1950-ல வந்த அரசியல் சட்டத்துல 15-வது பிரிவு கிணறுன்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. பொதுக் கிணத்தைப் பயன்படுத்த சாதி, மதம், ஆண் பெண் பேதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது. மனுஷர் தொட்டா தீட்டுன்னு தள்ளி வெச்சாங்க. பக்கத்துல இருக்கிற குழியை யாரும் பார்க்கல. தண்ணிக்கு உண்மையான ஆபத்து அந்தக் குழிதான்.

லண்டன்ல ஒரு பம்பு

அதை முதல்ல கண்டுபிடிச்ச கதை நடந்தது லண்டன்ல. 1854 ஆகஸ்ட் கடைசியில சோஹோங்கிற பகுதியில காலரா வந்துச்சு. சில வாரத்துல 600 பேருக்கு மேல செத்துப்போனாங்க. கெட்ட காத்துதான் காரணம்னு பெரிய டாக்டருங்க எல்லாம் சொன்னாங்க. ஜான் ஸ்னோங்கிற டாக்டர் மட்டும் செத்தவங்க பட்டியலை எடுத்துக்கிட்டு, எந்த வீட்டுல எங்கே தண்ணி பிடிச்சாங்கன்னு விசாரிச்சார். பெரும்பாலானவங்க பிராட் தெருவுல இருந்த ஒரு பம்புத் தண்ணியைக் குடிச்சவங்க. அதே தெருவுல மது காய்ச்சுற ஆலையில வேலை பார்த்தவங்க அந்தத் தண்ணியைக் குடிக்கல, அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. இந்தக் கணக்கைக் காட்டினதும் செப்டம்பர் 8-ம் தேதி அந்தப் பம்போட கைப்பிடியைக் கழட்டிட்டாங்க.

காரணம் பிறகுதான் தெரிஞ்சுது. பம்புக்குப் பக்கத்து வீட்டுல ஒரு கைக்குழந்தைக்கு வயித்துப்போக்கு. அம்மா பீத்துணியை அலசி, தண்ணியை வீட்டுக்குள்ள இருந்த கழிவுக்குழியில ஊத்தினாங்க. அந்தக் குழி கிணத்துல இருந்து சுமார் மூணே அடி. செங்கல் இத்துப்போய் கழிவு கிணத்துக்குள்ள கசிஞ்சிருக்கு. அந்த அம்மா மேல தப்பு சொல்ல முடியுமா? நாமளும் அப்படித்தான் செஞ்சிருப்போம். குழியும் கிணறும் பக்கத்துல பக்கத்துல இருந்ததுதான் தப்பு. முப்பது வருஷம் கழிச்சு 1884-ல, ராபர்ட் கோச்ங்கிற விஞ்ஞானி நம்ம நாட்டுலயே கல்கத்தாவுல ஒரு குளத்துத் தண்ணியில காலராக் கிருமியைக் காட்டினார்.

பாலாத்துக் கிணறுங்க

லண்டன் தூரம். வேலூர் நமக்கு ஒரு பஸ் தூரம்தான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடுற தொழில் ரொம்ப காலமா இருக்கு. ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணி செலவாகும். உப்பு, குரோமியம் மாதிரி ரசாயனம் கலந்த அந்தக் கழிவுத் தண்ணியை சுத்தம் பண்ணாம பாலாத்துலயும் ஏரியிலயும் வயல்லயும் விட்டாங்க. அது மண்ணுக்குள்ள இறங்கி கிணறுங்களுக்குப் போச்சு.

1991-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம்ங்கிற அமைப்பு உச்ச நீதிமன்றத்துல வழக்கு போட்டுச்சு. அதே தோல் தொழில் இருந்த திண்டுக்கல் பக்கம் ஒரு தன்னார்வ அமைப்பு 13 கிராமத்துல கிணறுங்களை எண்ணிக் கணக்கு எடுத்திருந்துச்சு. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணத்துல 350 கெட்டுப்போயிருந்துச்சு. வேலூர்ல இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம், தோல் தொழில் நடக்கிற பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு ஆகாம போச்சுன்னு கணக்கு கொடுத்திருந்துச்சு. இதை எல்லாம் நீதிபதிங்க தீர்ப்புலயே எழுதினாங்க.

1996 ஆகஸ்ட் 28-ல தீர்ப்பு வந்துச்சு. தோல் தொழில் நாட்டுக்கு வருமானமும் வேலையும் தருது, அதுக்காக மண்ணையும் தண்ணியையும் கெடுக்க உரிமை கிடையாதுன்னு சொன்னாங்க. கெடுத்தவரே பணம் கட்டணும்னும் சொன்னாங்க. தொழிற்சாலை ஒண்ணுக்கு 10,000 ரூபாய் அபராதம். நஷ்டத்தைக் கணக்கிட ஒரு ஆணையம். இந்தியா முழுக்க சுற்றுச்சூழல் வழக்குல இன்னிக்கும் இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் வாதாடுறாங்க.

ஆனா கிணறு என்ன ஆச்சு? 2001-ல ஆணையம் வேலூர் பகுதிக்குப் போட்ட கணக்குப்படி பாதிக்கப்பட்டவங்க 29,000-க்கும் மேல. நஷ்ட ஈடு சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். பெரிய தொகை மாதிரி தெரியுது. கணக்கு எழுதுற பழக்கத்துல நான் வகுத்துப் பார்த்தேன். சராசரியா ஒருத்தருக்கு பத்தாயிரம் ரூபாய் கூட வரல. பல தலைமுறை குடிச்ச கிணத்துக்கு அவ்வளவுதான். 2025 ஜனவரி 30-ல உச்ச நீதிமன்றம் திரும்பவும் ஒரு தீர்ப்பு சொல்லி, விட்டுப்போன நஷ்ட ஈட்டைக் கொடுங்க, பாலாத்தைச் சுத்தம் பண்ணுங்கன்னு உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. முதல் தீர்ப்பு வந்து 28 வருஷம் தாண்டியாச்சு. வழக்குல ஜெயிக்கலாம். நிலத்தடியில போன ரசாயனத்தை வெளிய எடுக்க முடியாது.

எங்க ஊர்க் கிணறு

குழாய் வந்ததும் எங்க ஊர்ல கிணத்தை மறந்துட்டோம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்துச்சு. மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. எங்க ஊர்ல அஞ்சு நாள் கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல, குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. எல்லாரும் குடத்தைத் தூக்கிட்டு பழைய கிணத்துக்குத்தான் ஓடினோம். தண்ணி கலங்கலா இருந்துச்சு. வேற வழியில்லாம எடுத்தோம். பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு வந்துச்சு.

சுகாதாரப் பணியாளர் வந்து கிணத்தை இறைக்கச் சொல்லி பிளீச்சிங் பவுடர் போட்டாங்க. அப்புறம் கிருமி பார்க்கிற சின்ன பாட்டில் கொடுத்தாங்க. அதுல தண்ணியை ஊத்தி மூடி வெச்சா, ரெண்டு நாளைக்குள்ள கருப்பானா மலக்கிருமி இருக்குன்னு அர்த்தம். எங்க பாட்டில் மறுநாளே கருப்பாச்சு. மறுபடி பவுடர் போட்டோம். பத்து நாள் கழிச்சு பார்த்தா மறுபடி கருப்பு.

வெள்ளம் வடிஞ்சு போச்சு, இன்னும் எங்கிருந்து வருது? குழுவுல பேசி, நாலு பேர் டேப்பு எடுத்துக்கிட்டு கிணத்தைச் சுத்தி அளந்தோம். வடக்குப் பக்கம் ஒரு எருக்குழி, 35 அடி. தெக்குப் பக்கம் ஒரு கக்கூஸ் குழி, 22 அடி. அந்த ரெண்டாவது குழி எங்க வீட்டுது.

அன்னிக்கு டேப்போட ஒரு முனையைப் பிடிச்சிருந்ததே நான்தான். சொல்லாம மறைக்கலாமான்னு ஒரு நிமிஷம் மனசு போச்சு. கையில நோட்டு இருந்துச்சு. மத்தவங்க குழியை எழுதிட்டு எங்க குழியை விட்டா அது கணக்கா? என் கையாலயே எழுதினேன். வீட்டுல மாமியாருக்குக் கோவம், ஊரே சிரிக்கும்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் சரியா பேசல. குழுவுல 15,000 ரூபாய் கடன் எடுத்து, வீட்டுக்கு அந்தப் பக்கம் 65 அடி தள்ளி புதுசா குழி போட்டோம். பழைய குழியைக் காலி பண்ணி, சுண்ணாம்பு போட்டு, மண்ணு கொட்டி மூடினோம். எங்களைப் பார்த்து எருக்குழிக்காரங்களும் மாத்திக்கிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு வெச்ச பாட்டில் கருப்பாகல. அந்தத் தேதியை நோட்டுல எழுதினப்போ என் மாமியார் பக்கத்துல நின்னு பார்த்தாங்க.

கிருமிக்கு மருந்து இருக்கு, குழியைத் தள்ளி வெச்சா கிணறு திரும்பக் கிடைக்கும். பாலாத்துக் கிணறுங்களுக்கு அப்படி ஒரு வழி இல்ல. உப்பையும் குரோமியத்தையும் பிளீச்சிங் பவுடர் ஒண்ணும் பண்ணாது.

இனி நாம செய்ய வேண்டியது

குடிதண்ணிக் கிணத்துக்கும் கக்கூஸ் குழி, எருக்குழி, சாக்கடைக்கும் நடுவுல குறைஞ்சது 50 அடி இருக்கணும். கைப்பிடிச் சுவர் ரெண்டரை அடி உயரம் வேணும். சுத்தி மூணு அடிக்கு சிமெண்ட் மேடை போட்டு, சிந்துற தண்ணி வெளிய ஓட வழி வைக்கணும்.

பிளீச்சிங் பவுடர் சாதாரணமா 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். பத்தடி அகலம், பத்தடி தண்ணி இருக்கிற கிணத்துல சுமார் 22,000 லிட்டர் இருக்கும், அதுக்கு 55 கிராம் வரைக்கும் ஆகும். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. பக்கெட்டுல கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கினதும் மேல் தண்ணியை மட்டும் கிணத்துல இறக்கிக் கலக்கணும். ஒரு மணி நேரம் யாரும் தண்ணி எடுக்கக் கூடாது. வெள்ளம் புகுந்த கிணத்துக்கு அளவு இன்னும் அதிகம், சுகாதார ஆய்வாளரைக் கேட்டுத்தான் போடணும்.

2019-ல தொடங்கின ஜல் ஜீவன் திட்டத்துல, கிராமத்துக்கு அஞ்சு பெண்களுக்குத் தண்ணி பரிசோதனைப் பயிற்சி உண்டு. உங்க ஊர்ல அந்த அஞ்சு பேர் யாருன்னு கேளுங்க. மாவட்டத்துல குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகமும் இருக்கு.

திண்டிவனம் பக்கம் சிப்காட் வந்திருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு வேலை வேணும், கம்பெனி வேண்டாம்னு நான் சொல்லல. இன்னிக்கு நம்ம கிணத்துல உப்பு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவுன்னு எழுதி வெச்சிருந்தாத்தான், நாளைக்கு மாறினா மாறிப்போச்சுன்னு சொல்ல முடியும். மார்ச் 22 உலக தண்ணீர் தினத்துல கிராம சபை நடக்குது. அந்த நோட்டை அங்க எடுத்துட்டுப் போய் படிச்சுக் காட்டி, தீர்மானமா எழுத வைங்க.

தமிழ்நாட்டுல மகளிர் குழு 1989-ல தருமபுரியில ஆரம்பிச்சுது. ரெண்டு மூணு வருஷத்துல அன்னிக்கு தென்னாற்காடா இருந்த நம்ம மாவட்டத்துக்கும் வந்துச்சு. பத்து ரூபாய் சேமிப்பைக் கூட நோட்டுல எழுதி, கூட்டத்துல படிச்சு, கையெழுத்து வாங்கித்தான் பேங்க்காரங்க நம்மளை நம்புற அளவுக்கு வந்தோம். அதே மாதிரி ஒவ்வொரு குழுவும் ஒரு தண்ணி நோட்டு போடணும்னு கேட்டுக்கிறேன். எந்தக் கிணறு, எந்தத் தேதி, பாட்டில் கருப்பாச்சா இல்லையா, 50 அடிக்குள்ள என்ன இருக்கு. நாலே கட்டம் போதும். முதல் வரியில உங்க வீட்டுக் குழியே வந்தாலும் மறைக்காம எழுதுங்க.