பெட்டி வந்தாச்சா?

போன வாரம் ஆபீஸில் ஒரு கூத்து. எங்கள் கம்பெனிக்கு நாலு ஊரில் தொழிற்சாலை. கேன்டீன், வரவேற்பறை, ஷிஃப்ட் மாறும் வாசல் என்று எங்கும் பெரிய டிவித் திரைகள். எதில் எந்த வீடியோ எப்போது ஓட வேண்டும் என்பதை என் மேசையிலிருந்தே மாற்றுவது என் வேலைகளில் ஒன்று. ஒரு கேன்டீனில் மட்டும் போன வருஷத்துப் பாதுகாப்பு வார வீடியோ மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது. அத்தனை பேர் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், ஒருவரும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால், "எங்ககிட்ட ரிமோட் இல்லையே" என்றார்கள். நியாயம்தான். ரிமோட்டை வாங்கிப் பூட்டி வைக்கச் சொன்னதே நான்தான் :-)

அன்று ராத்திரி தாராவி வீடியோ ஹால் அண்ணாச்சி ஞாபகம் வந்தது. எண்பதுகளில் எங்கள் சந்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு அறை, நாலைந்து பெஞ்சு, ஒரு டிவி, ஒரு விசிஆர். அவ்வளவுதான் தியேட்டர். "அண்ணாச்சி, இந்தப் பாட்டை ஓட்டி விடுங்க" என்று ஒருத்தன் கத்துவான். "ஏல, சண்டைய இன்னொரு தடவ போடச் சொல்லுல" என்று இன்னொருத்தன். கூட்டம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பட்டனை அண்ணாச்சி அமுக்குவார். திரை, கேசட், பட்டன், எல்லாம் ஒரே அறையில்.

பெரிய திரையில் பார்க்க மாட்டுங்கா அரோராவுக்குப் போவோம். பம்பாய்த் தமிழர்களுக்கு அது எப்படிப்பட்ட தியேட்டர் என்று நான் விளக்க வேண்டியதில்லை. என் மாமா ஒரு விநியோகஸ்தரிடம் வேலை பார்த்தார். மெட்ராஸிலிருந்து ரயில் பார்சலில் வரும் படப்பெட்டியை இறக்கித் தியேட்டரில் சேர்ப்பதும், டிக்கெட் கணக்கைச் சரி பார்ப்பதும் அவர் வேலை. 35 எம்எம் ஃபிலிம் நொடிக்கு 24 கட்டம் வீதம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். (எங்கள் 90 அடி ரோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சின்ன வயதில் உண்டு என்றே நம்பினேன்.) இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, நாலு கிலோமீட்டருக்கு மேல். தகரப் பெட்டிகளில் அதைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் கனம் தெரியும்.

பெட்டி வராவிட்டால் படம் இல்லை. ரயில் தாமதம் ஒரு காரணம். ஆனால் பல நேரம் பெட்டி மெட்ராஸை விட்டே கிளம்பியிருக்காது. பைனான்சியருக்குப் பாக்கி இருந்தால் பிரிண்ட் லேபிலேயே நிற்கும். பூட்டு எப்போதும் தூரத்தில்தான் இருந்தது. எங்களுக்குத்தான் பெட்டி மட்டும் கண்ணில் பட்டது.

பெட்டியே இல்லாமல் படத்தை அனுப்பும் முயற்சி நம் நாட்டில் அதற்கும் முன்பே நடந்திருக்கிறது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை வைத்து இஸ்ரோ நடத்திய 'சைட்' சோதனை. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள், ஊருக்கு ஒரு பொது டிவி, அதற்குக் கம்பி வலையில் செய்த ஆன்டெனா. ஒரே படத்தோடு இரண்டு ஒலித்தடங்கள் போகும். ஆந்திராவில் தெலுங்கு, கர்நாடகத்தில் கன்னடம். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. ஆனால் கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் வீட்டு மாடியில் இஸ்ரோ ஆட்கள் போய் ஒரு ஆன்டெனா வைத்துக் கொடுத்தார்கள்! செயற்கைக்கோள் வழித் தகவல் தொடர்பைப் பற்றி 1945லேயே எழுதியவருக்கு அந்த மரியாதை.

'சைட்'டில் அனுப்பியது எல்லோருக்கும் ஒன்றுதான். இந்தத் திரைக்கு மட்டும் இது, இத்தனை மணி வரை மட்டும் இது என்று பிரிக்க முடியாது. அந்தப் பிரிவினை தியேட்டருக்கு வந்தது 2000க்குப் பிறகு. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2002ல் கூட்டாக ஓர் அமைப்பு தொடங்கி, 2005ல் டிஜிட்டல் சினிமாவுக்கான விதிகளை வெளியிட்டன. நம் பக்கம் மும்பையின் யுஎஃப்ஓ மூவிஸ் செயற்கைக்கோள் வழியே படம் இறக்கியது. சென்னையில் ஜெயேந்திராவும் செந்தில் குமாரும் 1986ல் தொடங்கிய ரியல் இமேஜ், கியூப் முறையைக் கொண்டு வந்தது.

இதில் சூட்சுமம் படத்தில் இல்லை, சாவியில். படம் பூட்டிய கோப்பாக முன்கூட்டியே தியேட்டருக்கு வந்துவிடும். திறக்கும் சாவிக்குக் கேடிஎம் என்று பெயர். குறிப்பிட்ட இயந்திரத்தில், குறிப்பிட்ட தேதி நேரத்துக்குள் மட்டுமே அது வேலை செய்யும். எத்தனை காட்சி ஓடியது என்பதும் பதிவாகிவிடும். மாமா வாசலில் நின்று தலை எண்ணிய வேலை போயிற்று. நல்லதுதான், அதில் சண்டை அதிகம். ஆனால் பாக்கி வைத்தால் படம் நிற்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. 2018 அக்டோபர் 4ல் '96' படத்தின் அதிகாலைக் காட்சிகள் பணப் பிரச்னையால் ரத்தாயின. படம் தயார், திரை தயார், ஜனமும் வாசலில். அந்த வருஷம் மார்ச் 1 முதலே, டிஜிட்டல் கம்பெனிகள் தயாரிப்பாளரிடம் திரைக்கு இவ்வளவு என்று வாங்கிய விபிஎஃப் கட்டணத்தை எதிர்த்துத் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப் படங்களை நிறுத்தியிருந்தார்கள். ஏப்ரல் நடுவில்தான் ஒரு முடிவு வந்தது. ஏழு வாரம் புதுத் தமிழ்ப் படம் இல்லாமல் நாம் எப்படிச் சமாளித்தோம் என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு போன் போட்டு என் கேன்டீன் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"இப்ப பெட்டிய யாரு கொண்டாராவ?"

"யாரும் இல்ல மாமா. தானா வந்துரும்."

"ஆபரேட்டரு?"

"பல தியேட்டர்ல பட்டனத் தட்ட ஒரு பையன் மட்டும்தான் மாமா."

"ஃபிலிம் அந்துபோனா ஒட்டுறதுக்கு?"

அறுந்து போக ஃபிலிமே இல்லை மாமா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்த கேன்டீன்காரன்வளுக்கு ரிமோட்டக் குடுத்துரு" என்றார். திங்கட்கிழமை ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன். மேலிடத்துக்கு இன்னும் சொல்லவில்லை.