சக்கரவர்த்தி முன் ஒரு தகடு

போன வாரம் ராபர்ட் ஹூக்கோடு நிறுத்தியிருந்தோம். 1680-இல் கண்ணாடித் தட்டில் மாவைத் தூவி, வில்லால் இழுத்து, மாவு நகர்வதைப் பார்த்த மனிதர். அதற்குமேல் அவர் அதைத் தொடரவில்லை.

நூறாண்டு கழித்து அதைக் கையில் எடுத்தவர் விட்டன்பெர்க்கில் பிறந்த எர்ன்ஸ்ட் கிளாட்னி. அப்பா சட்டப் பேராசிரியர். மகனும் அவர் சொற்படி சட்டம்தான் படித்தார். 1782-இல் அப்பா காலமானதும் சட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒலியின் பக்கம் வந்துவிட்டார்.

இன்றும் வகுப்பறையில் செய்துகாட்டுவது அவர் முறைதான். தகட்டை நடுவில் பிடித்து, மேலே சன்னமான மணலைத் தூவ வேண்டும். ரோசின் தடவிய வயலின் வில்லால் விளிம்பை மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். தகடு கீச்சிட்டதும் மணல் துள்ளும். அதிரும் இடங்களைவிட்டு ஓடிப்போய், அசையாத கோடுகளில் ஒதுங்கும். விளிம்பில் ஒரு விரலை வைத்துப் பாருங்கள். விரல்பட்ட இடம் அசையாது. உடனே சுருதி மாறும், படமும் மாறும். வித்தையெல்லாம் அந்த விரலில்தான். இந்தப் படங்களை 1787-இல் நூலாகவே வெளியிட்டார்.

பேரும் புகழும் வந்தன, பல்கலைக்கழகப் பதவி மட்டும் வரவில்லை. கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் செய்துகாட்டியே பிழைத்தார். 1809 பிப்ரவரியில் பாரிஸின் துயிலரி அரண்மனையில், லாப்லாஸ் போன்ற பெருந்தலைகள் அறிமுகம் செய்துவைக்க, நெப்போலியன் முன் நின்றார். தன் நூலைப் பிரெஞ்சில் எழுத 6,000 பிராங்க் கிடைத்தது.

மணல் ஏன் இப்படி ஒதுங்குகிறது என்று கணிதத்தால் விளக்குபவருக்குப் பரிசு என்று, நெப்போலியனின் தூண்டுதலில், பிரெஞ்சு அறிவியல் கழகம் அறிவித்தது. இருக்கும் கணிதம் இதற்குப் போதாது என்று கணித மேதை லக்ராஞ்சே சொன்ன பிறகு யார் துணிவார்கள்? 1811-இல் வந்தது ஒரே ஒரு கட்டுரை. எழுதியவர் சோஃபி ஜெர்மேன். பெண் என்பதால் பாரிஸ் பாலிடெக்னிக்கில் இடமில்லாமல், பாடக் குறிப்புகளை வரவழைத்துப் படித்து, லெ பிளாங்க் என்ற ஆண் பெயரில் லக்ராஞ்சுக்கே எழுதியவர்.

கட்டுரையில் பிழை. பரிசு இல்லை. நடுவராக இருந்த லக்ராஞ்ச் சமன்பாட்டைத் திருத்தினார். 1813-இல் ஜெர்மேன் மறுபடி எழுதினார், பாராட்டு மட்டும். 1816-இல் மூன்றாம் முறை வென்றார். விழாவுக்கு அவர் போகவில்லை. நெப்போலியனோ அப்போது செயின்ட் ஹெலினா தீவில் கைதி. புத்தகங்களில் நெப்போலியன் பெயர்தான் முன்னால் நிற்கிறது. என்னைக் கேட்டால், இந்தக் கதை ஜெர்மேனுடையது.

வென்ற கட்டுரையிலும் ஓட்டை இருந்தது. தகட்டின் விளிம்பு எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கு சரியாக வரவில்லை. அதற்கு 1850-இல் கிர்க்காஃப் வர வேண்டியிருந்தது. அவரை அடுத்த வாரம் பார்ப்போம்.