விதைப்பெட்டியும் ரவைப்பெட்டியும்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கி நடப்போர் சிறிது நேரத்திலேயே நெல்வயல்களின் நடுவே வந்துவிடுவர். பெரும்போக விதைப்பு நாட்களில், முளைகட்டிய நெல்லைப் பெட்டியில் ஏந்தி வயலில் இறங்கும் உழவனை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவன் கை பெட்டிக்குள் போகிறது. ஒரு பிடி நெல் வீச்சாகச் சேற்றில் விழுகிறது. மீண்டும் கை பெட்டிக்குள் போகிறது. குவிந்து கிடக்கும் விதையை அளவாகப் பிரித்துத் தரும் கருவி அங்கே மனிதனின் கைதான்.

இந்தக் கையின் வேலையை ஒரு கருவியிடம் ஒப்படைக்க முடியுமா? குவியலாகக் கிடப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக இறக்கிவிட முடியுமா? மிகச் சாதாரணமாகத் தோன்றும் இக்கேள்விக்கு மனிதன் கண்ட விடைகள் சரித்திரத்தில் இரண்டு பாதைகளாகப் பிரிந்து சென்றன. ஒன்று வயலுக்குச் சென்றது. மற்றொன்று போர்க்களத்துக்குச் சென்றது.

வயலுக்குச் சென்ற பாதையே பழையது. மரக்கிண்ணத்தின் அடியில் மூங்கிற் குழாய்களைப் பொருத்தி, கிண்ணத்தில் இட்ட விதை குழாய்களின் வழியே உழுசாலில் விழும்படி செய்த விதைக்கருவி, தென்னிந்திய உழவர்களிடம் நெடுங்காலமாக வழங்கி வந்தது. இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்பவர் 1701இல் விதைக்கும் யந்திரத்தை அமைத்தார். அது நவீன ஐரோப்பாவின் கண்டுபிடிப்பு என்று எண்ணியிருந்த கம்பெனி அதிகாரி தாமஸ் ஹால்கட், 1790களில் தென்னிந்தியக் குடியானவன் அதே முறையில் விதைப்பதைக் கண்டு வியந்தார். பெயரறியா உழவர்களின் அறிவு புத்தகங்களில் இடம்பெறாமற் போனது இந்த ஒரு விஷயத்தில் மட்டுமா!

மற்றப் பாதை பிந்தியது. துவக்குக்குரிய ரவையும் தோட்டாவும் நீண்ட காலம் கையினாலேயே செய்யப்பட்டன. ஈயத்தை உருக்கி அச்சில் வார்ப்பதும், மருந்தையும் ரவையையும் காகிதத்திற் சுருட்டுவதும் கைத்தொழில். சுடுவதற்கும் கை வேண்டும், பல்லும் வேண்டும். சிப்பாய் தோட்டாவின் நுனியைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலிற் கொட்டி, ரவையை இடித்து இறக்கவேண்டும்.

இந்தக் கையும் பல்லும் 1857இல் ஒரு சாம்ராஜ்யத்தையே அசைத்துவிட்டன. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையின் கூலித் தொழிலாளி ஒருவன், சிப்பாய் ஒருவனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான். சாதியைக் காட்டிச் சிப்பாய் மறுத்தான். பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகிற உனக்குச் சாதி எங்கே மிஞ்சப்போகிறது என்று தொழிலாளி திருப்பிக் கேட்டான் என்பது அக்காலப் பதிவு. தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பதை அதைச் செய்யும் கை அறிந்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 24ஆம் தேதி மீரட் நகரில் 90 குதிரைப்படை வீரர்களுக்குத் தோட்டா வழங்கப்பட்டபோது 85 பேர் அதை ஏற்க மறுத்தனர். அவர்களுள் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். மே 9ஆம் தேதி அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாளே கிளர்ச்சி வெடித்தது. கை தேவைப்படும் இடத்தில் கை மறுக்கவும் முடியும். நாம் இங்கே கவனிக்க வேண்டிய உண்மை இதுவே.

ஐந்து ஆண்டுகளின் பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் ரிச்சர்ட் கட்லிங் என்பவர் 1844இல் விதைக்கும் யந்திரம் ஒன்றுக்கு உரிமை பெற்றிருந்தார். அதே மனிதர், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862 நவம்பர் 4ஆம் தேதி, ஒரு துவக்குக்கு உரிமை பெற்றார். ஆறு குழல்கள் சுழலும். கைப்பிடியைச் சுற்றினால் போதும். மேலேயுள்ள பெட்டியிலிருந்து தோட்டாக்கள் தம் எடையினாலேயே ஒவ்வொன்றாகக் கீழே விழும். விதைப்பெட்டி ரவைப்பெட்டியாக மாறிவிட்டது!

ஒரு மனிதன் நூறு பேருடைய வேலையைச் செய்வானாயின் பெரும்படைகள் தேவைப்படமாட்டா, போரிலும் நோயிலும் மடிவோர் தொகை குறையும் என்று தாம் கருதியதாகக் கட்லிங் பின்னர் எழுதினார். நல்லெண்ணமாகவே இருக்கலாம். ஆனால், யந்திரத்தின் பயனைத் தீர்மானிப்பவன் அதைச் செய்தவன் அல்லன், அதை வாங்குபவனே. அதை வாங்கியவை அரசுகள்.

1880களில் மாக்சிம் துவக்கு வந்தது. அதற்குத் தோட்டாவை ஊட்டியது நாடா. கைப்பிடியைச் சுற்றும் வேலைகூட மிஞ்சவில்லை. 1898 செப்டெம்பர் 2ஆம் தேதி சூடானில் ஒம்துர்மான் களத்தில், ஒரே காலைப்பொழுதில் ஏறத்தாழ 10,000 சூடானியர் மடிந்தனர். பிரித்தானியர் தரப்பில் இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. உடலுக்குள் விரிந்து சிதைக்கும் ரவையொன்று 1890களில் அதே டம்டம் ஆலையிற் பிறந்து அவ்வூரின் பெயரையே பெற்றது. அத்தகைய ரவைகளை 1899இல் ஹேக் மாநாடு தடைசெய்யவேண்டியதாயிற்று.

1919 ஏப்ரல் 13ஆம் தேதி அமிர்தசரஸில் ஜெனரல் டயரின் படை 1,650 ரவைகளைச் சுட்டது. யந்திரத் துவக்கு பூட்டிய வண்டிகள் குறுகிய வாயிலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றன. படையினரின் கையிருப்பு தீரும் நிலைக்கு வந்தபோதே சூடு நின்றது. கொலைக்கு எல்லை வகுத்தது கருணையன்று, தோட்டாவின் வரத்துத்தான்.

இக்கதை அரசுகளின் ஆலைகளோடு முடிந்துவிடவில்லை. பொழுதுபோக்காகச் சுடுவோர், வெறுமையான தோட்டாக் கூடுகளை மீண்டும் நிரப்பும் சிறு அழுத்தியந்திரங்களைத் தம் வீட்டுக் கொட்டில்களில் வைத்திருக்கும் நாடுகள் உள்ளன. அவ்வழுத்திக்கு ரவையை ஊட்டும் பெட்டியையும் சிலர் தாமே செய்துகொள்கின்றனர். கொட்டிய குவியலிலிருந்து சரியாக நிமிர்ந்த ரவை மட்டும் குழாயில் இறங்கும். தலைகீழாய் வந்தது மீண்டும் குவியலில் விழும். திருகாணியையும் மருந்து வில்லையையும் வரிசைப்படுத்தும் ஆலைகளிலும் இதே தத்துவந்தான் இயங்குகிறது. தத்துவத்திற்குக் குற்றமும் இல்லை, புண்ணியமும் இல்லை. ரவை வேண்டுமா வில்லை வேண்டுமா என்று அப்பெட்டி கேட்பதில்லை. மீரட்டின் கை கேட்டது.

நமது கரைக்குத் திரும்புவோம். 1990 ஆகஸ்ட் மாதத்தில், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில், வீரமுனைக் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழரும் கொல்லப்பட்டனர். ஒரே மொழி பேசி, அடுத்தடுத்த வயல்களில் ஒரே வாய்க்காலின் நீரைப் பகிர்ந்து வாழ்ந்த மக்கள், ஒருவர் ஊருக்குள் மற்றவர் போக அஞ்சினர். போர்க்காலத்தில் தம் வயலுக்கே செல்ல இயலாது நின்ற உழவர்கள் எத்தனை பேர்! விதை வயலைச் சென்றடையவில்லை. ஆனால் இக்கரையில் ஒரு தோட்டாவைக்கூடச் செய்யாத மக்களிடம், எங்கோ தூரதேசத்து ஆலைகளிற் பிறந்த ரவை தடையின்றி வந்து சேர்ந்தது.

ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையில் யந்திரங்களின் தத்துவத்தை விளக்குகிறோம். சக்கரம், நெம்புகோல், புவியீர்ப்பு என்று படம் வரைகிறோம். இனி அப்படத்தில் மேலே ஒரு பெட்டியையும் வரைவோம். இதற்குள் எதை இடுவது, யார் இடுவது, யாருடைய நன்மைக்காக இடுவது என்று மாணவரைக் கேட்போம். மீரட்டின் 85 பேர் அந்தக் கேள்வியைக் கேட்டு விலங்கை ஏற்றனர். கல்முனை வயலில் விதைபெட்டியோடு இறங்கும் உழவனின் பிள்ளை அக்கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வானாயின், நம் பாடம் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.