அறுவை சிகிச்சை இயலாத கல்லீரல் புற்றுநோய்: கதிர்வீச்சு சிகிச்சை யாருக்குப் பயன்படும்?

திருவனந்தபுரம்: கல்லீரல் புற்றுநோயை அறுவை சிகிச்சையால் அகற்ற இயலாது என்று மருத்துவர்கள் கூறியதும், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கருதி நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் உண்டு. ஆனால், இத்தகைய நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்க முடியும். அதனை யாருக்கு அளிக்கலாம் என்பதில் கட்டியின் அளவைப் போலவே, கட்டி இல்லாத எஞ்சிய கல்லீரலின் நிலையும் முக்கியப் பங்கு வகிக்கிறது.

கேரள எல்லைப் பகுதிகளான கொல்லயில், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய இடங்களில் வசிப்போர் இச்சிகிச்சைக்கு அணுகக்கூடிய மருத்துவமனை, திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் ஆகும். கன்னியாகுமரி உள்ளிட்ட தமிழக மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர்.

அறுவை சிகிச்சை ஏன் இயலாமல் போகிறது?

உலக அளவில் 2022-ஆம் ஆண்டில் சுமார் 8.66 லட்சம் பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது, சுமார் 7.58 லட்சம் பேர் உயிரிழந்தனர். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், மதுப்பழக்கம், கொழுப்புக் கல்லீரல் ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள். இவை முதலில் கல்லீரலைத் தழும்பேறிச் சுருங்கச் செய்கின்றன. 'சிரோசிஸ்' எனப்படும் இந்நிலையில் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் புற்றுநோய் உருவாகிறது. கட்டியை வெட்டி அகற்றினால் மீதமுள்ள கல்லீரல் உடலைத் தாங்காது என்ற நிலையிலும், குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்துக்குள் கட்டி பரவிய நிலையிலும் அறுவை சிகிச்சை கைவிடப்படுகிறது.

கதிர்வீச்சு முன்பு தவிர்க்கப்பட்டது ஏன்?

முழுக் கல்லீரலும் சுமார் 30 கிரே அளவுக்கு மேல் கதிர்வீச்சைத் தாங்குவதில்லை. கட்டியை அழிப்பதற்கோ அதைவிட அதிக அளவு தேவைப்படும். மேலும், மூச்சு விடும்போது கல்லீரல் மேலும் கீழும் அசைவதால், கட்டியை மட்டும் குறிவைப்பதும் கடினமாக இருந்தது.

சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் 1990-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. 'ஸ்டீரியோடாக்டிக்' கதிர்வீச்சு எனப்படும் அம்முறையில், பல கோணங்களிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் கட்டியில் ஒன்றுசேர்கின்றன. சுற்றியுள்ள திசுக்களுக்குக் குறைந்த அளவே சென்றடைகிறது. மூச்சின் அசைவைப் பதிவு செய்யும் சி.டி. ஸ்கேன், மூச்சை அடக்கும் பயிற்சி, வயிற்றை மென்மையாக அழுத்தும் பட்டை ஆகியவற்றின் உதவியுடன் குறி நிலைநிறுத்தப்படுகிறது. வழக்கமாக மூன்று முதல் ஐந்து அமர்வுகளில், ஓரிரு வாரங்களுக்குள் சிகிச்சை முடிந்துவிடும். மயக்க மருந்தோ கத்தியோ தேவையில்லை.

ஆய்வு கூறுவது என்ன?

அறுவை சிகிச்சை போன்ற வழிகளுக்கு ஏற்றவர்களாக இல்லாத 177 நோயாளிகளின் முடிவுகளை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில், சோராஃபெனிப் மாத்திரை மட்டும் பெற்றவர்களின் சராசரி (இடைநிலை) வாழ்நாள் 12.3 மாதங்கள். முதலில் கதிர்வீச்சும் பின்னர் அதே மாத்திரையும் பெற்றவர்களுக்கு அது 15.8 மாதங்கள். நோய் மேலும் பரவாமல் இருந்த காலம் 5.5 மாதங்களிலிருந்து 9.2 மாதங்களாக உயர்ந்தது. இந்த ஆய்வு நடைபெற்றுக்கொண்டிருந்தபோதே நோய் எதிர்ப்பு மருந்துகள் முதல்நிலை சிகிச்சையாக வந்துவிட்டதால், புதிய நோயாளிகளைச் சேர்ப்பது முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. கதிர்வீச்சு நோயை முற்றிலும் நீக்கிவிடும் என்பது இதன் பொருள் அன்று. ஏற்ற நோயாளிகளுக்கு அது கூடுதல் காலத்தைத் தரக்கூடும் என்பதே இதன் பொருள்.

இரத்தக் குழாய் வழியாகவும் கதிர்வீச்சு

நலமான கல்லீரலுக்குப் பெரும்பகுதி இரத்தம் போர்ட்டல் நாளம் வழியாக வருகிறது. கட்டிக்கோ கல்லீரல் தமனி வழியாக வருகிறது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, இட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட நுண்மணிகளை மெல்லிய குழாய் மூலம் தமனிக்குள் செலுத்துவது மற்றொரு முறை. இதன் கதிர்கள் திசுவில் சராசரியாக 2.5 மில்லிமீட்டர் தூரமே செல்கின்றன. 64 மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றின் வீரியம் பாதியாகக் குறைகிறது. மணிகள் நுரையீரலுக்குச் சென்றுவிடுமா என்பதை அறிய முன்னதாகச் சோதனை செய்யப்படும். பாபா அணு ஆராய்ச்சி மையம் இத்தகைய நுண்மணிகளை உள்நாட்டிலேயே உருவாக்கியுள்ளது.

யாருக்கு ஏற்றதல்ல?

மஞ்சள் காமாலை முற்றியவர்கள், வயிற்றில் நீர் கட்டுக்கடங்காமல் சேர்ந்தவர்கள் ஆகியோருக்குக் கட்டியைக் குறிவைக்கும் உயர் அளவுக் கதிர்வீச்சு நன்மையைவிடத் தீங்கையே தரக்கூடும். சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் முதல் நான்கு மாதங்களுக்குள் கல்லீரல் பாதிப்பு தோன்றலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை தொடர வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு வைரஸ் மீண்டும் தீவிரமடையாமல் தடுக்க மருந்து அளிக்கப்படும். கட்டி சுருங்கப் பல மாதங்கள் ஆகலாம். முதல் ஸ்கேனில் அளவு குறையவில்லை என்பதால் சிகிச்சை தோல்வியுற்றதாகக் கருதக் கூடாது.

நோய் முற்றியவர்களுக்கும் வலியைக் குறைக்கக் கதிர்வீச்சு உதவும். கனடாவில் 66 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஒரே முறை 8 கிரே பெற்று, ஒரு மாதத்துக்குப் பின் மதிப்பிடப்பட்டவர்களில் 67 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது. ஆதரவு சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இது 22 விழுக்காடு.

எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்?

முதல் ஆலோசனைக்குச் செல்வோர் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் குறுந்தகடு, பிலிருபின், அல்புமின், இரத்தம் உறையும் நேரம், தட்டணுக்கள், ஏ.எஃப்.பி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை முடிவுகள், எண்டோஸ்கோப்பி அறிக்கை ஆகியவற்றைக் கொண்டுசெல்வது காலத்தை மிச்சப்படுத்தும். கேரளத்தின் காருண்யா திட்டமும் தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உதவி அளிக்கின்றன. எல்லையைக் கடந்து சிகிச்சைக்குச் செல்வோர், தங்கள் அட்டை அந்த மருத்துவமனையில் ஏற்கப்படுமா என்பதை அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்தில் முன்னதாகவே கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம்.